இடிக்குப் பிடுங்கிய பிளக்

செபாஸ்டியன் யாரையும் லேசில் நம்புகிறவர் இல்லை. செந்தூல் ரயில்வே பட்டறையில் காலமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டியவருக்கு, கையில் கரி படாமல் செய்கிற எதுவும் வேலையாகவே தோன்றாது. மகன் மாரிஸ் சுங்கை வே தொழிற்சாலையில் பார்ப்பது அந்த மாதிரி வேலைதான். ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை சர்க்யூட் பலகை. கம்பெனியில் மிஞ்சியிருந்த ஒரே சாம்பிள் அது.

“அப்படி என்னதான்டா பண்றே?”

“இதுல ஏ.ஆர்.எம்.னு ஒரு சிப் இருக்குப்பா. கரண்ட் வந்ததும் முதல்ல ஒரு புரோகிராம் முழிச்சுக்கும். மெமரி எங்க, மத்தது எங்கன்னு பார்த்துட்டு மிச்ச வேலையை எழுப்பி விடும். அதுதான் பூட்லோடர். அதைக் கட்டுறதுக்கு முன்னால ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் வேணும், வேணாம்னு நான் சொல்லணும்.”

“வேணும் வேணாம்னு சொல்றதுக்கா சம்பளம்? உங்கம்மா ஆயுசு பூரா அதைத்தானே சொன்னா, அவளுக்கு எவன் குடுத்தான்?”

மாரிஸ் சிரித்தான். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. ரிங்கிட்டின் மதிப்பு விழுந்ததிலிருந்து கம்பெனி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நாளைக் காலையில் ஜப்பான்காரன் வந்து பார்க்கும்போது இந்தப் பலகை எழுந்தால் மாரிஸின் பிரிவு பிழைக்கும். எழாவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள்.

“பழசை ஒரு ஓரமா காப்பி வச்சுக்கவும் ஆப்ஷன் இருக்கு. புதுசு கெட்டா அது காப்பாத்தும். இடம் பத்தலப்பா, வேணாம்னு போட்டுட்டேன்.”

ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினான். பலகையில் சின்ன விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

“பழசை அழிச்சிட்டுப் புதுசை எழுதுது. மெதுவாத்தான் ஆகும். நான் கடைக்குப் போயி சோறு தாப்பாவ் பண்ணி வாங்கிட்டு வரேன். கை மட்டும் வச்சிடாதீங்க.”

சொந்த வீட்டிலேயே தனக்குத் தடையா என்று செபாஸ்டியன் முனகினார்.

கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்தது. போன வருஷம் ஒரே இடியில் அந்த அடுக்குமாடியில் அவர்கள் தளத்திலிருந்த டிவியெல்லாம் கருகிப்போயின. அன்றிலிருந்து முதல் உறுமலுக்கே வீட்டுக்கு வீடு பிளக் வெளியே வந்துவிடும். எதிர்வீட்டு வீரம்மா நடைபாதையில் நின்று கத்தினாள்.

“அண்ணே, இடி லா! எல்லாத்தையும் புடுங்குங்க!”

டிவியைப் பிடுங்கினார். ரேடியோவைப் பிடுங்கினார். கம்ப்யூட்டரிடம் வந்து தயங்கினார். விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. படித்தவன் சொன்னதை நம்பிக் கெட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இடி இறங்கினால் பையன் ஆசையாக வாங்கிய பெட்டி சாம்பலாகிவிடுமே. எல்லா பிளக்கையும் சேர்த்து இழுத்தார்.

மாரிஸ் நனையாமலே திரும்பினான். இடி கிள்ளான் பக்கமாகப் போய்விட்டது. ஒரு தூறல்கூட விழவில்லை.

“நல்லவேளை, உன் பெட்டியைக் காப்பாத்தினேன்.”

மாரிஸ் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே பலகையைப் பார்த்தான். பிளக்கைச் செருகினான். கம்ப்யூட்டர் எழுந்தது. பலகை எழவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினான். மறுபடியும் மாட்டினான்.

“ரிப்பேர் பண்ணுடா.”

“பழசு அழிஞ்சிருச்சு, புதுசு பாதியில நின்னுருச்சு. எழுப்ப உள்ள ஒண்ணுமே இல்லப்பா. சிப்பைக் கழட்டி எழுதுற மெஷின் பினாங்குல இருக்கு, காலைக்குள்ள ஆகாது.”

போனை எடுத்து முதலாளியிடம் இங்கிலீஷில் பேசினான். ரயில்வேயில் பழகிய இங்கிலீஷ், செபாஸ்டியனுக்குப் புரிந்தது. இடி விழுந்து கெட்டுவிட்டது என்றான். காப்பி வைக்காமல் விட்டது தன் தப்பு என்றான். அந்தப் பக்கம் கத்தல் வெளியே கேட்டது. “யெஸ் பாஸ், யெஸ் பாஸ்” என்று நின்றான். அப்பா என்ற பேச்சையே எடுக்கவில்லை.

“என்னைச் சொல்லியிருக்கலாம்லடா?”

“சொன்னா எழுந்திருக்குமா?”

“திட்டவாச்சும் திட்டித் தொலையேன்.”

“சாப்பிடுங்கப்பா, ஆறிடும்.”

மாரிஸ் உள்ளே போய், நாளைக்குப் போடவேண்டிய வெள்ளைச் சட்டையை எடுத்துவந்து மேசைமேல் விரித்தான். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி முதலில் காலரைத் தேய்த்தான், பிறகு கைகளை. செபாஸ்டியன் பொட்டலத்தைப் பிரிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.