இரண்டாந்தரம் எடுத்த இரத்தம்

இரத்தத்தில் விற்றமின் டி டெனிஸ்ரனுக்குப் பதின்மூன்று, அவன் மனைவி ஜெனீற்றாவுக்கு இருபத்தொன்பது. வாசிகசாலையில் வைத்துக் கொடுத்த இரண்டு கடித உறைகளையும் பிரித்துப் பார்த்தவன், யாரோ பெயரை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்றே நினைத்தான்.

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கும் கூரைக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கும் உடம்பில் விற்றமின் டி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வு அது. பல்கலைக்கழகத்திலிருந்து லோஜனா என்ற பிள்ளை வந்து, ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஊர்காவற்றுறைக் கரையில் நாற்பது பேரிடம் இரத்தம் எடுத்திருந்தாள். டெனிஸ்ரன் கடற்றொழிலாளி. ஜெனீற்றா வேலணையில் நண்டுச் சதை எடுத்துப் பொதி செய்யும் தொழிற்சாலையில் குளிரறைக்குள் நிற்பவள். படிவம் நிரப்பும்போது அப்படித்தான் சொன்னாள். அவனும் பக்கத்தில் நின்றான்.

"இது மாறிப் போச்சுது, தங்கச்சி. நான் கடல்ல நிக்கிறனான்."

லோஜனா மறுக்கவில்லை. இரண்டு பேரிடமும் திரும்பவும் இரத்தம் எடுத்தாள். இரண்டு கிழமை கழித்து வந்த முடிவில் பெரிய மாற்றம் இல்லை.

"நீங்கள் எத்தினை மணிக்கு அண்ணை கடலுக்குப் போறனீங்கள்?"

"பொழுது படப் போனா விடியத்தான் வாறது. பகல்லை நித்திரை."

"அப்ப உங்களுக்கு வெயில் படுறதே இல்லை. குறைவாத்தான் இருக்கும். குளிசை தாறன்." அவள் அடுத்த தாளைப் புரட்டினாள். "அக்காவின்ரைதான் எனக்கு விளங்கேல்லை. கொம்பனியிலை நிக்கிற மற்ற ஆக்களுக்கு இதில அரைவாசியும் இல்லை. குளிசை ஏதும் போடுறவவோ?"

"இல்லை."

வீட்டுக்கு வந்தவனுக்கு அன்று நித்திரை வரவில்லை. மாலையில் ஜெனீற்றா வேலை முடிந்து வந்து சோற்றுப் பெட்டியைக் கழுவும்போது, அவள் கைகளைப் பார்த்தான். முழங்கைக்குக் கீழே கறுத்திருந்தது. சட்டைக் கை சற்று விலகிய இடத்தில் பழைய நிறம். பாவாடைக் கரையில் உப்புப் பூத்திருந்தது.

"உடுப்பெல்லாம் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

"அங்கை கழுவுற தண்ணி தெறிக்கிறது," என்றாள், திரும்பாமலே.

நண்டு கழுவுவது நல்ல தண்ணீரில் என்று அவனுக்குத் தெரியும்.

அடுத்த நாள் தொழிற்சாலைப் படலையில் போய் விசாரித்தான். காவலாளி யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஜெனீற்றாவோ? அவ மாசியிலையே வேலையை விட்டு நிண்டிட்டா."

இப்போது வைகாசி. மூன்று மாதமாக ஆறரை பஸ்ஸில் அவள் எங்கே போய் வருகிறாள்? மனதில் வந்த ஒன்றை அவன் தனக்குத்தானே சொல்லவும் கூசினான். ஆனாலும் அது போகவில்லை.

மறுநாள் கடலுக்குப் போய் வந்ததும் படுக்காமல் மோட்டார் சைக்கிளில் பஸ்ஸுக்குப் பின்னால் போனான். வேலணைச் சந்தியில் அவள் இறங்கவில்லை. புங்குடுதீவுப் பாலம் கடந்து, வீடுகள் பூட்டிக் கிடந்த ஒழுங்கை முனையில் இறங்கிக் கரைக்கு நடந்தாள். அங்கே நாலைந்து பெண்கள் நின்றார்கள். எல்லோரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினார்கள். கம்பு நட்டு வலை அடைத்த வேலிகள் கடலுக்குள் நெடுகப் போயின.

கடலட்டைப் பண்ணை. அது கரையோர மீன்பிடியை மறிக்கிறது என்று எதிர்ப்பு மனுவுக்குப் போன மாதம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவன் டெனிஸ்ரன்தான்.

முதலில் வந்தது ஆறுதல். அதற்காகவே வெட்கப்பட்டான். கோபம் பிறகுதான் வந்தது. கரையில் நின்று கூப்பிட்டான். அவள் பதறாமல் நடந்து வந்தாள்.

"ஏன் எனக்கு ஒளிச்சனீ?"

"சொன்னால் விட்டிருப்பியளோ?"

அவன் தண்ணீருக்குள் நட்டிருந்த கம்புகளைப் பார்த்தான்.

"அந்தக் குளிருக்குள்ளை நிண்டு நிண்டு எனக்கு இடுப்பும் தொடையும் நோவெடுத்து, கதிரையால எழும்பேலாமல் கிடந்தனான். உங்களுக்குச் சொன்னனான். வயசு போகுது எண்டுபோட்டுத் திரும்பிப் படுத்தனீங்கள். இஞ்சை வந்தாப்பிறகு அந்த நோ இல்லை. ஏனெண்டு எனக்குத் தெரியாது, அந்தப் பிள்ளையின்ரை கடிதம் வரும்வரைக்கும்."

அவன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கடற்றொழிலாளர் சங்கக் கூட்டம். தலைவர் இராயப்பு எழுந்து, "எங்கடை ஊரில இருந்தும் ஆரோ அந்தப் பண்ணைக்குப் போகினமாம். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ," என்றார்.

சொல்லாமல் இருந்துவிடத்தான் டெனிஸ்ரன் வந்திருந்தான். ஆனால் எல்லோரும் ஆளை ஆள் பார்க்கத் தொடங்கியதும் அவனால் இருக்க முடியவில்லை.

"என்ரை மனிசி," என்றான்.

"எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை. அவ மாசியிலை இருந்து போறா."

"மூண்டு மாதமா உமக்குத் தெரியாது?" இராயப்பு சத்தம் போடவில்லை. "இஞ்சை நாங்கள் கதைச்சதெல்லாம் அங்கை போச்சுதோ ஆருக்குத் தெரியும்."

தன் மனைவியை மூன்று நாட்களுக்கு முன் தான் பார்த்த அதே பார்வையை அவன் முப்பது முகங்களில் கண்டான். கச்சேரியில் அரசாங்க அதிபரிடம் மனுக் கொடுக்கப் போகிறவர்கள் பட்டியலில் இருந்து அவன் பெயரை எடுத்தார்கள்.

வீட்டில் ஜெனீற்றா நடந்ததைக் கேட்டுவிட்டுச் சோறு போட்டாள்.

"பண்ணைக்கு நான் இன்னும் எதிர்தான்," என்றான் அவன்.

"இருங்கோ. நான் நாளைக்கும் போவன்."

அவன் சோற்றைப் பிசைந்தபடி இருந்தான். "இனி எங்கை போறதெண்டாலும் சொல்லிப்போட்டுப் போ."

"நீங்கள் முழிச்சிருந்து கேட்டால் சொல்லுவன்," என்றாள் அவள், லோஜனா கொடுத்த குளிசையை அவன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தபடி.