சிவகலாவின் புலம்பல்

“பெரியம்மா, நீங்கள் பாட்டு எழுதுவீங்கள் எண்டு ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? ஒன்பது வருசமா! இவ்வளவு மெகாவா எழுதிப்போட்டு, ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி லீக்ஸ் வெட்டிக்கொண்டு நிக்கிறீங்கள்.”

சிவகலா கறிக்கு வெட்டுவதை நிறுத்தவில்லை. “ஆர் எழுதினது?”

“நீங்கள்தான்!”

“நான் கடைசியா எழுதினது உடுப்புத் தோய்க்கிற அறைக் கதவிலை ஒட்டின துண்டு. அதையும் மேல்மாடிக்காரி பிழைப்பிழையா இருக்கெண்டு கிழிச்சுப்போட்டாள். மற்றச் சப்பாத்தையும் கழட்டு பிள்ளை, ஒற்றைக் காலோட நிக்கிறாய்.”

தர்மிகா குனிந்து பார்த்தாள். உண்மைதான். ஒன்று வாசலில் கிடந்தது, மற்றது காலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். சுவிசின் பேர்ண் நகரிலிருந்து பஸ் பிடித்து, ஓஸ்டர்முண்டிகனில் இறங்கி, லிப்ட் வரும்வரை பொறுக்காமல் மூன்று மாடியும் ஓடியே ஏறி வந்திருந்தாள். சிவகலா அவளுடைய அம்மாவின் அக்கா. ஆசுபத்திரியில் துப்புரவு வேலை. காலை முறை முடிந்து வந்து, கையுறைக்குள் புழுங்கிய கையின் மணம் போகுமுன்பே சமையலில் இறங்கியிருந்தாள்.

தர்மிகாவுக்கு இருபத்திரண்டு வயது. இசைக் கல்லூரியில் பாட்டும் இசையமைப்பும் படிக்கிறாள். இரண்டு வருடமாக அவளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பவர் ஆல்ட்விக் என்கிற ஓர் ஆங்கிலேய இசையமைப்பாளர், செத்து எழுபது வருடமாகிவிட்ட மனிதர். சொந்தமாக ஒரு வரி எழுதத் தெரியாதவர். யாரோ எழுதிய கவிதையைத் தூக்கிக்கொண்டு போய் பியானோவுக்கு முன்னால் மாதக்கணக்கில் குந்தியிருப்பார். கடைசியில், கவிதை வாய்விட்டுச் சொல்லாததை எல்லாம் பியானோ சொல்லத் தொடங்கிவிடும். மேலே பாடுகிறவர் நான் நலமாக இருக்கிறேன் என்று பாடுவார், கீழே இடது கை இல்லை இல்லை என்று தலையாட்டும். இந்த விசயத்தைத் தர்மிகா சொல்லாத ஆள் கிடையாது. பிறந்தநாள் விழாவில் கேக் தட்டோடு ஓரமாக ஒதுங்கியவர்களைக்கூட மறித்து வைத்துச் சொல்லியிருக்கிறாள். ஆல்ட்விக்குக்குக் கவிதை கொடுத்த கவிஞர் ஒருநாள் கச்சேரிக்கு வந்து கேட்டுவிட்டு, ‘நான் அழுததைவிட உங்கள் பியானோ கூட அழுகிறது’ என்று கடிதம் எழுதினாராம். அது பாராட்டா, ஏச்சா என்று தர்மிகாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குப் பரீட்சைக் கச்சேரி. ஆல்ட்விக்கின் பாட்டு மூன்று, அதற்குப் பிறகு அவளே இசையமைத்த பாட்டு ஒன்று. ஆல்ட்விக் தன் ஆட்களின் கவிதையை எடுத்த மாதிரி தானும் தன் ஆட்களின் கவிதையை எடுக்க வேண்டும் என்று மாதக்கணக்காகத் தேடினாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ்தான். எழுத்து தெரியும், ஆனால் பனியில் நடக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கால் வைத்துத்தான் போகவேண்டும். அப்படியிருக்க, ஒருநாள் வீட்டுச் சாமியறைத் தட்டில் விபூதிப் பெட்டிக்குக் கீழே ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. அட்டையில், ஒன்பது வருடத்துக்கு முன் செத்துப்போன பெரியப்பாவின் படம். நடுப்பக்கத்தில் ஒரு தலைப்பு: ‘மனைவி சிவகலாவின் புலம்பல்’. அதன் கீழே நாலு வரி.

கலாவென்று அன்பொழுகக் கனிந்தழைத்த குரலெங்கே
உலாப்போன பாதைவிட்டு ஒருமுறைதான் திரும்பீரோ
விளக்கேற்றும் வேளையிலே வெறுமையிலே வீடிருக்கக்
களைத்துவந்தென் கதவருகே காலாற யார்வருவார்

வாசித்து முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. முடித்தபோது கண் கலங்கியிருந்தது. பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு அன்றைக்கே பியானோவில் போய் இருந்தவள், பிறகு அந்தப் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கவேயில்லை.

“இஞ்சை பாருங்கோ.” போனைச் சிவகலாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கச்சேரி நிகழ்ச்சித் தாள். தர்மிகாவின் பெயருக்குக் கீழே ‘பாடல் வரிகள்: சிவகலா உருத்திரமூர்த்தி’ என்று ஜெர்மன் மொழியில் அச்சு அடுக்கப்பட்டிருந்தது. “எங்கட புரொபசருக்குச் சொன்னனான். ஆசுபத்திரியிலை வேலை செய்துகொண்டு கவிதை எழுதுற பெண் எண்ட உடனை அவ கதிரையால எழும்பியிட்டா. உங்களை மேடைக்குக் கூப்பிடப்போறா. பூ தருவினம்!”

சிவகலா கத்தியை வைத்தாள். போனை வாங்கித் தள்ளிப் பிடித்து, தர்மிகா அடுத்துக் காட்டிய புத்தகப் பக்கப் படத்திலிருந்த நாலு வரியையும் வாசித்தாள். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தாள். தர்மிகாவுக்கும் சேர்ந்து சிரிக்க வேண்டும்போல் இருந்தது, ஆனால் எதற்கென்று தெரியவில்லை.

“அடி விசரி, இது கல்வெட்டு.”

“கல்வெட்டெண்டால்?”

சிவகலா அறைக்குள் போய் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியோடு வந்தாள். செத்து முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று இப்படி ஒரு புத்தகம் அடித்துக் கொடுக்க வேண்டும், அது முறை. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். பாட்டுக் கட்டத் தெரிந்த ஒருவரிடம் சொன்னால் அவர் கட்டிக் கொடுப்பார். செத்தவரின் குணம், குலம், பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரிலும் ஒரு புலம்பல். சிவகலா எச்சில் தொட்டு ஒரு பக்கம் புரட்டி, விரலை வைத்தாள்.

“வாசி.”

தர்மிகா எழுத்துக் கூட்டினாள். “பெறா... மகள்... பெறாமகள் தர்மிகாவின் புலம்பல்.”

“நீ எழுதினனியோ?”

“இல்லை.”

“பதின்மூண்டு வயசிலை, தோளிலை என்னைச் சுமந்து தேரெல்லாம் காட்டினீரே எண்டு அழுதிருக்கிறாய். அந்தாள் உன்னை ஒரு நாள் எண்டாலும் தூக்கினதோ?”

தர்மிகா யோசித்தாள். பெரியப்பா என்றால் ஜன்னலோரக் கதிரை, டிவி, ஒரு முதுகு. அவ்வளவுதான் வந்தது.

“அப்ப இதை ஆர் எழுதினது?”

“துன்னாலை மரியதாஸ் அண்ணை. கோட்டலிலை சமையல். சுவிசிலை பாதிச் சனத்துக்கு அவர்தான் கட்டிக் குடுக்கிறது. என்ர தங்கச்சி, கொம்மாதான் அவரோட போனிலை கதைச்சது. முப்பத்தோராம் நாளண்டைக்கு மைக்கிலை இதை வாசிக்க மண்டபம் முழுக்க அழுதுதாம். நான் பின்னாலை சோறு போட்டுக்கொண்டு நிண்டன்.” லீக்ஸைக் கழுவத் தொடங்கினாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாகச் சொன்னாள்: “செத்தவீட்டிலை பெண்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை எண்டு சனம் கதைச்சது. அதுக்குத்தான் கொம்மா சொல்லி, என்ர புலம்பலை மட்டும் நல்ல இறுக்கமாக் கட்டுவிச்சது. கலா! அந்தாள் என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை.”

தர்மிகா போனைப் பார்த்தாள். நிகழ்ச்சித் தாள் நாளைக் காலை எட்டு மணிக்கு அச்சுக்குப் போகிறது. மாற்றம் இருந்தால் இன்றைக்கே அனுப்ப வேண்டும். வரிகள் யாருடையவை என்று ஒரு பெயர் இல்லாமல் பாட்டை மேடையேற்ற விடமாட்டார்கள். பெரியம்மாவின் பெயர் பொய். பெயரை எடுத்தால், எழும்பி நின்ற புரொபசருக்கு என்ன சொல்வது? அவளுக்குத் தலைக்குள் எல்லாம் ஒரே சத்தமாக இருந்தது. இப்படி நேரங்களில் அவள் செய்கிற ஒரே காரியத்தைத்தான் அப்போதும் செய்தாள். “ஒருக்கால் கேளுங்கோவன்” என்று ஒத்திகைப் பதிவைப் போட்டு, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள்.

பியானோ தாழ்ந்த சுரத்தில் தட்டியது. ஒரே சுரம், இரண்டு தரம். பிறகு ஒன்றுமில்லை. பிறகுதான் குரல், ‘கலாவென்று’ என்று வந்தது. அடுத்த வரிக்கு முன்னாலும் அதே இரண்டு தட்டு, அதே காத்திருப்பு. அது ஆல்ட்விக்கிடம் எடுத்தது. குரல் வருமுன் கதவைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டு நின்று பார்ப்பது அவருடைய பழக்கம்.

மூன்றாவது வரிக்கு முன்னால் சிவகலா ஈரக் கையோடு திரும்பினாள்.

“உனக்கு ஆர் சொன்னது?”

“எதை?”

“அந்தத் தட்டை.”

“அது ஆல்ட்விக் செய்யிறது பெரியம்மா, அவர் எல்லாப் பாட்டிலையும்...”

“கொம்மா சொன்னவளோ?”

“அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது. நான் சும்மா போட்டனான்.”

சிவகலா கதிரையை இழுத்து இருந்தாள். பாட்டு முடிந்துவிட்டது. வெளியே எங்கோ ஒரு தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. அவள் எழும்பி வந்து, குசினிக் கதவின் மரச் சட்டத்தில் விரல் மொளியால் தட்டிக் காட்டினாள். டக், டக்.

“இதுதான். தேத்தண்ணி வேணுமெண்டால் இது. வேலைக்குப் போறதெண்டால் இது. வந்தாச்செண்டால் இது. நான் ‘வாறன்’ எண்டுவன். இருபத்தாறு வருசம் இந்த வீட்டிலை எங்கட கதை அவ்வளவுதான். அடிக்கேல்லை, ஏசேல்லை, குடிக்கேல்லை. கதைக்கவும் இல்லை. என்னெண்டு அழுகிறது? என்னெண்டு அழாமல் இருக்கிறது?” சட்டத்தில் ஓரிடத்தைத் தடவினாள். வெள்ளைப் பூச்சு அங்கே மட்டும் மங்கி, ஒரு காசளவுக்குத் தேய்ந்திருந்தது. “வீட்டுச் சொந்தக்காரன் வந்து பெயின்ற் அடிக்கப்போறன் எண்டவன். உதிலை அடிக்காதை எண்டு சொன்னனான். ஏன் சொன்னனான் எண்டு தெரியாது.”

தர்மிகாவுக்குச் சந்தோசமாக இருந்தது. அப்படிச் சந்தோசப்பட்டது வெட்கமாகவும் இருந்தது. “அப்ப, பெரியம்மா, பாட்டு உண்மைதானே? சொல்லுத்தான் பொய். தட்டு உண்மை. ஆல்ட்விக்கும் இதைத்தான்...”

“உன்ர வெள்ளைக்காரனைக் கொஞ்சம் வெளியிலை விடு பிள்ளை.”

“சரி. பேரை எடுக்கிறன். மரியதாஸ் மாமான்ர பேரைப் போடுறன். நம்பர் இருக்கோ?”

இருந்தது. தர்மிகா அழைத்தாள், ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தாள். மறுபக்கம் தட்டுகள் மோதுகிற சத்தம், யாரோ ஜெர்மனில் பொரியலுக்குக் கத்துகிற சத்தம்.

“பிள்ளை, கெதியாச் சொல்லு, இருபது தட்டு நிக்குது.”

அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரித்தார்.

“புலம்பலுக்குக் கட்டினவன்ர பேர் போடுறேல்லை பிள்ளை. அழுதவையின்ர பேர்தான் போடுறது. என்ர பேரைப் போட்டால் நானெல்லோ உன்ர பெரியப்பாவை நினைச்சு அழுத மாதிரி வரும்? சனம் என்ன நினைக்கும்!”

“ஆனால் பெரியம்மாவும் அழேல்லை மாமா.”

அவர் யாருக்கோ ஜெர்மனில் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தார். “ஓம், அது எனக்கும் மனதிலை கிடந்தது. அந்த அக்காவோட ஒரு சொல்லுக் கதைச்சுப்போட்டுக் கட்டியிருக்கோணும். போனைத் தங்கச்சிக்காரிதானே எடுத்தவ. சுகமா இருக்கிறாவோ? கேட்டதெண்டு சொல்லு.”

அந்த அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். போன் நின்றது.

“நீங்களே சொல்லுங்கோ பெரியம்மா. பேர் இருக்கட்டோ, எடுக்கட்டோ?”

“எடு.”

தர்மிகா புரொபசருக்கு அனுப்புகிற மின்கடிதத்தைப் போனில் திறந்தாள்.

“பொறு. எடுத்தால், கேக்கிற சனம் என்ன சொல்லும்? அப்பவும் அழேல்லை, இப்ப பேரையும் எடுத்துப்போட்டாள் எண்டு.”

“அப்ப விடட்டோ?”

“விட்டால் அந்தக் கலாவை நான் மேடையிலை ஏறி ஒத்துக்கொள்ளுறதோ? பூவும் வாங்கிக்கொண்டு?” சிவகலா எழும்பினாள். “எனக்கொண்டும் விளங்கேல்லை. இந்த வேலைச் சட்டையை மாத்திப்போட்டு வாறன். அந்தப் பாட்டைத் திருப்பிப் போடாதை.” இரண்டடி போய்த் திரும்பினாள். “போடுறதெண்டால் முன்னுக்கு வாற துண்டை மட்டும் போடு.”

அறைக்குள் போனவள் வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். தர்மிகா லீக்ஸை அடுப்பில் போட்டாள், கிளறினாள், அடுப்பைக் குறைத்தாள். கடிதத்தில் புரொபசருக்கு வணக்கம் எழுதியிருந்தாள். அடுத்த வரியில் ‘பாடல் வரிகள்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, அதற்குப் பக்கத்தில், புலம்பலைக் கட்டுவித்த தன் அம்மாவின் பெயரை ஒருமுறை எழுதிப் பார்த்து அழித்தாள். ஆல்ட்விக் என்றால் என்ன செய்திருப்பார்? அவருக்கென்ன, அவருடைய கவிஞரிடமிருந்து கடிதமாவது வந்தது.

போனைக் கையில் பிடித்தபடி நடைவழியில் நடந்து போய் அறை வாசலில் நின்றாள். கதவு பாதி திறந்திருந்தது. கட்டில் ஓரமும், மடித்து வைத்த வேலைச் சட்டையும், அசையாத ஒரு முழங்காலும் தெரிந்தன. பெரியம்மா என்று கூப்பிடத்தான் நினைத்தாள். வாய் வருமுன் கை போய்விட்டது. விரல் மொளி கதவுச் சட்டத்தில் இரண்டு தரம் விழுந்தது.

“வாறன்.”

அந்தக் குரலைத் தர்மிகா முன்பு கேட்டதில்லை. பாரமில்லாத குரல். இளம்பெண் ஒருத்தி படிக்கட்டில் ஓடி இறங்குகிற மாதிரி வந்து, பாதிப் படியில் நின்றுவிட்டது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. வெளியே தர்மிகாவும் அசையவில்லை. அடுப்பில் லீக்ஸ் அடிப்பிடிக்கிற மணம் வரத் தொடங்கியது. கையிலிருந்த போனில், முக்காற்புள்ளிக்குப் பக்கத்தில், அந்தச் சின்னக் கோடு தோன்றி மறைந்து தோன்றி மறைந்து துடித்துக்கொண்டிருந்தது. நீங்களே சொல்லுங்கள், நீங்கள் என்றால் அந்த இடத்தில் யாருடைய பெயரைப் போடுவீர்கள்?