நற்கருணையும் என் வறண்ட நாக்கும்

மதராஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் இருந்துவிட்டு நாமக்கல்லுக்குத் திரும்பியபோது என் கையில் ஒரு மாத்திரைப் புட்டி இருந்தது. புதிதாக வந்த மருந்தாம். அதைப் போட்டால் ஊரைக் கூட்டிப் பாடமாட்டேன். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கவும் மாட்டேன். உண்மைதான். ஆனால் மருந்து என்னைச் சும்மா விடவில்லை. வெயில் பட்டால் முகம் எரிந்தது, விரல் நடுங்கியது, நாக்கு காய்ந்துபோனது. குடை பிடித்துக்கொண்டேன், டம்ளரைப் பாதி மட்டும் நிரப்பினேன், போகுமிடமெல்லாம் சொம்புத் தண்ணீரோடு போனேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வழி தெரியவில்லை.

பூசையில் ஆண்டவரின் உடலாகக் கொடுக்கும் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும். சிறுவயதிலிருந்து எனக்கு அப்படித்தான் பழக்கம். வந்த முதல் ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் நாக்கில் வைத்த அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விழுங்க எச்சில் இல்லை. மூச்சு முட்டி, விரலை விட்டுத் தள்ளினேன். சாமியாரைத் தவிர யாரும் தொடக்கூடாத அப்பம். பக்கத்தில் முழங்காலிட்டிருந்த, கோயிலில் ஞானபாடம் சொல்லித்தரும் உபதேசியாரின் மனைவி பார்த்துவிட்டாள். பைத்தியக்காரி நாக்கில் தங்க ஆண்டவர் மறுத்துவிட்டார் என்று மத்தியானத்துக்குள் கதை கட்டிவிட்டார்கள். ஆண்டவருக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

அதன் பிறகு நான் அப்பம் வாங்கப் போகவில்லை. அண்ணன் தோமினிக் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தச்சுவேலை செய்தார். எனக்குச் சோறு போட்டார், பேசமாட்டார். அண்ணி தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். எனக்கென்று மிச்சமிருந்தது அந்த அப்பம் ஒன்றுதான். அதுவும் போயிற்றே என்று அழுதேன்.

ஈஸ்டருக்காவது வாங்கிவிட வேண்டும் என்று முந்தின வாரமே மாத்திரையை நிறுத்தினேன். நாக்கு ஈரமானது. கூடவே தூக்கமும் போயிற்று. பெரிய வெள்ளியன்று எங்கள் சனமெல்லாம் துக்கத்தில் இருக்க, நான் கிணற்றடியில் அக்கம்பக்கத்துப் பாத்திரங்களைப் பிடுங்கித் துலக்கி, உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். போன முறையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அது நினைவுக்கு வந்ததும் பாத்திரங்களைப் போட்டது போட்டபடி விட்டேன். வீட்டுக்கு ஓடி மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையை இனி விடமாட்டேன், தண்ணீரில்லாமல் விழுங்கவும் முடியாது, அதனால் நற்கருணை எனக்கு இல்லை என்றேன்.

அவர் என் பேர் சொல்லிப் பேசினார்.

"தண்ணி குடிச்சா ஒண்ணும் தப்பில்ல, வேளாங்கண்ணி. போப்பாண்டவர் அந்தச் சட்டத்த மாத்தி மூணு வருஷத்துக்கு மேலாச்சு. வீட்டுல யாரும் சொல்லலையா?"

நான் ஆஸ்பத்திரிக்குப் போன புதிதில் பிரசங்கத்தில் அறிவித்தார்களாம்.

ஈஸ்டரன்று காலையில் சொம்பு நிறையக் குடித்துவிட்டுப் போனேன். அப்பம் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அத்தனை பேர் நடுவில் சந்தோஷத்தில் அழுதேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அண்ணியிடம் கேட்டேன். "பூசைக்கு முன்னால தண்ணி குடிக்கலாம்னு உங்களுக்குத் தெரியுமுங்களா அண்ணி?"

"தெரியுமே. நாங்க குடிச்சுப்போட்டுத்தான வாரோம்."

"எனக்கு ஏனுங்க சொல்லல?"

அண்ணி நின்று, உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"உன்றகிட்டச் சொல்லோணும்னு தோணவே இல்ல" என்றாள்.

கோபத்தில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.