ஏர் எடுக்கிறவர்கள்

"கையை எடு" என்றாள் அண்ணி.

தெருமுனையில் நின்ற ஆம்புலன்ஸிலிருந்து ஸ்ட்ரெச்சர் பாதி வெளியே வந்திருந்தது. தம்பி அதன் கம்பியை விடவில்லை. அவளே அவன் விரல்களைப் பிரித்து விலக்கினாள். எதிர்வீட்டு டெய்லர் வந்து அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அண்ணனின் உடலைத் தூக்க முன்பின் தெரியாத டிரைவர் ஆகலாம், டெய்லர் ஆகலாம், கூடப் பிறந்தவன் ஆகாது. இத்தனை நாளும் வாய் நிறையத் தம்பி என்று கூப்பிட்டவள், ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணனும் தம்பியும் பிரேக் மெக்கானிக்குகள். வீட்டை ஒட்டியே ஷெட். பிரேக் குழாயில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சாக அமுங்கும், வண்டி நிற்காது. அதை வெளியேற்ற, அவர்கள் பேச்சில் ஏர் எடுக்க, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க, அடியில் படுத்திருப்பவர் சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் சின்னத் திருகைத் திறப்பார். ஆயிலோடு காற்றும் குமிழியாக வெளியே வரும். அவர் திருகை மூடி "விடு" என்ற பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும்.

ஒருமுறை தம்பி முந்திவிட்டான். வண்டிக்காரர்கள் பார்க்க அண்ணன் அவனைக் கன்னத்தில் அறைந்தார். அன்றோடு பேச்சு நின்றது. வேலை நடக்க வேண்டுமே என்று 'அழுத்து', 'விடு' இரண்டு மட்டும் மிஞ்சின. மற்றதெல்லாம் அண்ணி வழியாகத்தான் போகும், வரும்.

ஆபரேஷன் பேச்சும் அப்படித்தான் போனது. அண்ணனுக்கு இதய வால்வு கெட்டுவிட்டது. மாற்ற வேண்டும் என்றார்கள். அவர் மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அண்ணி அவர் பக்கத்தில் இருக்க, டாக்டர் தம்பியைத் தனியே கூப்பிட்டு எல்லா ஆபத்தையும் சொன்னார்.

"இதயத்தைத் திறந்தா உள்ளே காத்து போகும். தைக்கும்போது எடுத்துடுவோம். மிச்சம் இருந்து மூளைக்கு ஏறினா ஆபத்து."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காத்துதானே டாக்டர்? அதை எடுக்கிறதுதான் எங்க பொழப்பே."

டாக்டர் சிரிக்கவில்லை. மடையன் அதையாவது கவனித்திருக்கலாம்.

"நம்ம ஷெட்டுல நடக்கிற வேலைதான் அண்ணி. வால்வை மாத்திட்டு ஏர் எடுத்துருவாங்க. பயப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றான் அண்ணியிடம். அவள் போய்ச் சொன்னாள். "அவனே சொல்றானா? அப்ப சரி" என்றாராம் அண்ணன்.

ஆபரேஷன் முடிந்து அண்ணன் கண் விழிக்கவே இல்லை. இன்று காலை டாக்டர் இருவரையும் நிற்கவைத்துப் பேசினார். "எவ்வளவு எடுத்தாலும் சில சமயம் கொஞ்சம் தங்கிடும். மூளைக்குப் போயிடுச்சு. இவர்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கேன்" என்று தம்பியைக் காட்டினார்.

"யாராவது முந்தி விட்டுட்டாங்களா?" என்று கேட்டான் தம்பி.

"இது வேன் இல்லைங்க" என்றார் டாக்டர்.

அண்ணி திரும்பிப் பார்த்தது அப்போதுதான். அந்தப் பார்வைக்கு அண்ணன் கன்னத்தில் விட்ட அறையே தேவலாம் என்றிருந்தது.

மதியம் சவ வண்டி வந்து தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. உள்ளே வர வழியில்லை; காலையில் ஸ்ட்ரெச்சர் ஒடுங்கி நுழைந்த இடுக்கில் பாடை போகாது. அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று பாதியில் விட்ட சரக்கு வேன் ஒன்று சந்து வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"தள்ளிவிட்டா ஆச்சு" என்றார் டெய்லர்.

"கல்லு முட்டுக் கொடுத்துத்தான் நிக்குது. எடுத்தா சரிவுல நிக்காது. பிரேக் முழுக்க காத்து. ஹேண்ட் பிரேக்கும் கழட்டிக் கிடக்கு" என்றான் தம்பி. "ஏர் எடுத்தாத்தான் நகர்த்த முடியும். இன்னொரு ஆள் வேணும்."

டெய்லர் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி உள்ளேயிருந்து வந்து டிரைவர் சீட்டில் ஏறினாள்.

"உனக்காக ஏறல. அவரு போகணும்."

"நான் சொல்ற வரைக்கும் காலை..."

"தெரியும். அடுப்படியில நின்னு தினம் கேட்டதுதானே."

அவன் அடியில் போய்ப் படுத்தான். பாட்டிலில் குழாயைச் செருகினான். அண்ணியை எப்படி ஏவுவது என்று ஒரு கணம் தடுமாறி, "அழுத்துங்க" என்றான். திருகைத் திறந்ததும் குமிழிகள் மளமளவென்று வந்தன. மூடினான். "விடுங்க." மேலே பெடல் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

மூன்றாவது சக்கரத்தில் இருக்கும்போது மேலேயிருந்து குரல் வந்தது.

"நீ சொன்னே. ஆனா அவர்கிட்ட போய் சொன்னது நான். என் வாயால."

அவன் மூக்கை உறிஞ்சினான். ஆயில் வழிந்து கைமூட்டில் இறங்கியது.

"அழுகையெல்லாம் அப்புறம் வெச்சுக்க. வேலையைப் பாரு."

கடைசிச் சக்கரம். குமிழிகள் குறைந்து, ஒன்றிரண்டாகி, நின்றன. சுத்தமான ஆயில் மட்டும் வந்தது. திருகை இறுக்கி மூடினான். இனி வேன் நகரும், சவ வண்டி வரும், அண்ணனைத் தூக்குவார்கள்.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அதைச் சொல்லாமல் ஸ்பேனரைத் திருகிலேயே பிடித்தபடி படுத்திருந்தான்.

தெருமுனையில் ஹாரன் மறுபடியும் அடித்தது. ஸ்பிரிங் சத்தம் கேட்கவில்லை. மேலே அண்ணி அழுத்தியபடியே இருந்தாள்.