சனிக்கிழமை மாவு

எட்டு கிலோ ஆமையை மடியில் வைத்துக்கொண்டு அதன் கண்ணைத் துடைப்பது லேசான வேலையில்லை. எப்சி ஒரு கையால் ஓட்டை அணைத்துப் பிடித்து, மறு கையால் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை இமையருகே கொண்டுபோனால், அது தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி நீட்டும்வரை காத்திருக்க வேண்டும். முப்பது வருடம் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவளுக்குக் காத்திருப்பது புதிதில்லை. இடது கண் வீங்கி மூடியிருந்தது. கழுத்து மடிப்பில் இரண்டு சிவப்பெறும்புகள் கவ்விக்கொண்டு கிடந்தன.

ஆமை மகள் ஜெரூஷாவுடையது. கல்லூரியில் படிக்கும்போது உள்ளங்கை அகலத்தில் வாங்கி வந்தாள். ஆப்பிரிக்க ஜாதி, காகிதமெல்லாம் முறையாக உண்டு. செங்கல்லை முட்டித் தள்ளிய பலத்தைப் பார்த்து சிம்சோன் என்று பெயர் வைத்தாள். வேதாகமத்துச் சிம்சோனுக்குக் கண் போன கதையை இப்போது நினைவுபடுத்திய ஒரே ஆள் எப்சியின் கணவர் ஆரோன்தான். சொல்லிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஜெரூஷா நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போய் மூன்று வருடமாகிறது. ஞாயிறுதோறும் வீடியோ காலில் அப்பா அம்மாவுக்கு முன்னால் ஆமையைத்தான் விசாரிப்பாள். இரண்டு வாரமாக எப்சி அவளுக்கு ஆமையின் வலது பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தாள்.

வேளச்சேரியில் பார்த்த மிருக டாக்டர் சின்ன வயதுக்காரர். கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதிவிட்டு, "எறும்புப் பொடி, சாக்பீஸ் எதுவும் போட்டுடாதீங்க மேடம். இது மண்ணோட சேர்த்து மேயும். எறும்புக்கு முன்னாடி இதுதான் சாகும். மிச்சத் தீனியை உடனே எடுத்துடுங்க. எறும்பு எங்கேர்ந்து, எதுக்கு வருதுன்னு பாருங்க, அதை நிறுத்துங்க" என்றார்.

எப்சி அட்சரம் பிசகாமல் செய்தாள். முருங்கைக் கீரையையும் செம்பருத்தி இலையையும் தட்டில் வைத்து, அரை மணியில் எடுத்துக் கழுவினாள். அப்படியும் எறும்பு குறையவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, வரிசையைப் பிடித்துக்கொண்டே குனிந்தபடி போனாள். அது காம்பவுண்டுச் சுவரின் தண்ணீர் ஓட்டை வழியாகத் தெருவுக்கு இறங்கி, புங்க மரத்தடியில் முடிந்தது. அங்கே பச்சரிசி மாவும் வெல்லமும் கலந்து இரண்டு கைப்பிடி கொட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஜெயஸ்ரீ கையில் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

ஜெயஸ்ரீயின் கணவன் மோகன்ராஜுக்கு இதயத்தில் வால்வு பழுது. ஒரு வருடமாக ஆபரேஷனுக்கு மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான். சனி பிடித்திருக்கிறது, சனிக்கிழமைதோறும் எறும்புக்குத் தீனி போடு என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார்.

"உங்க வூட்டு மரத்தடிலதான்க்கா இவ்ளோ எறும்பு கீது. கடவுளே காட்டுன மாரி" என்றாள் ஜெயஸ்ரீ.

வெள்ளம் வந்த வருடம் முடிச்சூர் முழுக்கத் தண்ணீரில் நின்றபோது, எப்சியின் குடும்பம் மூன்று நாள் ஜெயஸ்ரீ வீட்டு மாடியில்தான் கிடந்தது. அந்த வீட்டுச் சோறுதான் சாப்பிட்டது. போடாதே என்று சொல்ல எப்சிக்கு நாக்கு எழவில்லை. "நல்லது ஜெயஸ்ரீ, நானும் ஜெபம் பண்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஜெயஸ்ரீ மாவு போட்டுவிட்டுப் போன கால் மணி நேரத்தில், செடிக்குத் தண்ணீர் விடுகிற பாவனையில் எப்சி குழாயை இழுத்து வந்து மரத்தடியைக் கழுவிவிட்டாள். சாக்கடையில் மாவு வெள்ளையாக ஓடியது. எறும்பும் சாகவில்லை, மனுஷியும் புண்படவில்லை என்று தன்னை மெச்சிக்கொண்டாள். சாயங்காலமே ஜெயஸ்ரீ ஓடிவந்தாள்.

"ஒரு துளி இல்லக்கா! அத்தினியும் துன்னுட்டுதுங்க!"

எப்சி தலையாட்டி வைத்தாள். மறுவாரம் மாவு மூன்று கைப்பிடியானது, அதற்கடுத்த வாரம் நான்கு. ஒவ்வொன்றையும் எப்சி கழுவினாள். ஆமைக் கூண்டுக்கு எறும்பு வரத்து குறைந்து, ஒருகட்டத்தில் நின்றே போனது. ஐந்தாவது வாரம் ஜெயஸ்ரீ வந்து எப்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் ஓயாமல் சொன்னதில், மோகன்ராஜும் ஒரு சனிக்கிழமை தானே வந்து சுத்தமாகக் கிடந்த மரத்தடியைப் பார்த்திருக்கிறான். வாயில்லாத ஜீவனே ஒத்துக்கிச்சு என்று ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டான். தான் கழுவிவிட்டதை நம்பி ஒரு மனுஷன் நெஞ்சைத் திறக்கக் கொடுக்கிறான் என்று எப்சிக்கு அன்று ராத்திரி பயமாக இருந்தது.

ஆபரேஷன் சனிக்கிழமை என்று முடிவானது. வெள்ளிக்கிழமை ஜெயஸ்ரீ ஒரு டப்பா மாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நாளைக்கு மட்டும் நீங்க போட்டுடுங்கக்கா. உங்களுக்கு இதுல நம்பிக்கை இல்லன்னு தெரியும். எனக்காக."

மறுநாள் காலை சிம்சோன் இடது கண்ணைத் திறந்தது. முழுசாக இல்லை, ஒரு கீற்று. உள்ளே கறுப்பாக ஈரம் மின்னியது. எப்சிக்கு ஜெரூஷாவை அப்போதே கூப்பிட வேண்டும் போலிருந்தது. அங்கே இன்னும் விடிந்திருக்காது. மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு புங்க மரத்தடிக்குப் போனவள், நின்று யோசித்தாள். இங்கே போட்டால் நிமிஷத்தில் எறும்பு மொய்க்கும். மொய்த்தால் ஓட்டை வழியாக உள்ளே போகும். திறந்த கண் தாங்காது. எனவே மரத்தைத் தாண்டி, பக்கத்துக் காலி மனையின் நடுவில் போய்ப் புல்லை ஒதுக்கி, டப்பா மாவு முழுவதையும் கொட்டினாள்.

ஒரு எறும்பும் வரவில்லை. எட்டு மணியாயிற்று, ஒன்பதாயிற்று. ஆரோன் வாசலிலிருந்து, "காபி ஆறுது" என்றார். அவள் கையை மட்டும் அசைத்தாள். சேலையைச் சுருட்டிக்கொண்டு வெயிலில் குந்தியிருந்தாள். ஐந்து வாரம் விரட்டியடித்த ஜாதியில் ஒன்றாவது வரட்டும் என்று உண்மையாகவே ஜெபம் பண்ணினாள். எறும்பு வர வேண்டுமென்று ஒரு சபைக்காரி ஜெபிப்பதை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

ஒன்பதரைக்கு போன் அடித்தது.

"அக்கா, கையெழுத்து கேட்டுக்கினு நிக்கிறாங்க. துன்னுச்சான்னு கேட்டுக்கினு போடலாம்னு வெளிய வந்துட்டேன். துன்னுச்சுங்களா?"

ஐந்து வாரம் தண்ணீரால் சொன்ன பொய்யை இப்போது வாயால் சொல்வது எத்தனை சுலபம்! அந்த ஒரு வார்த்தை எப்சிக்கு வரவில்லை. குனிந்து பார்த்தாள். மாவின் ஓரத்தில் ஒற்றைச் சிவப்பெறும்பு. தலையை இரண்டு தரம் மாவில் முட்டியது. ஒரு பொடியும் எடுக்காமல் திரும்பி, வந்த வழியே புல்லுக்குள் போய்விட்டது.

"ஒன்னு வந்துச்சு, ஜெயஸ்ரீ."

"ஒன்னுதானா?"

"மத்ததைக் கூப்பிடப் போயிருக்கு."



"திரும்ப வருமாக்கா?"

"வரணும். பாத்துட்டேதான் இருக்கேன்."

"வெச்சுடாதீங்க. லைன்லயே இருங்க."

எப்சி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் யாரோ யாரையோ அழைத்தார்கள், சக்கரக் கட்டில் ஒன்று உருண்டு போனது, ஒரு பெண் குரல் "மோகன்ராஜ் அட்டெண்டர்" என்றது. ஜெயஸ்ரீ போனை வைக்கவில்லை. எப்சி இன்னொரு கையால், எறும்பு போன இடத்துப் புல்லை மெதுவாக விலக்கிப் பிடித்தாள்.