அங்கியில் தைத்த வானம்

ரிட்சுகோ பழைய செய்தித்தாளை விரித்து, தூரிகையை மையில் முக்கி, மூன்று எழுத்துகளை எழுதி நிமிர்ந்தபோதே கயோவுக்குத் தெரிந்துவிட்டது. முதல் எழுத்து தப்பு.

ஜப்பானியில் ஓர் எழுத்தே ஒரு சொல்: வானம், கீழ், ஒன்று. மூன்றையும் சேர்த்துப் படித்தால் வானத்துக்குக் கீழே முதல் ஆள் என்று பொருள். பள்ளியின் ரவுடிப் பெண்களுக்கெல்லாம் தலைவியாக இருப்பவள் முதுகில் போட்டுக்கொள்ளத் தகுந்த வாசகம்தான். ஆனால் வானம் என்ற எழுத்தில் மேலே இரண்டு படுக்கைக் கோடுகள், அவற்றிலிருந்து பிரிந்து இறங்கும் இரண்டு கால்கள், அவ்வளவுதான். கால் மேல்கோட்டோடு நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டி ஒரு துளி தலை நீட்டினாலும் அது வானம் இல்லை, புருஷன். ரிட்சுகோ எழுதியதில் தலை நன்றாகவே நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் ரிட்சுகோ. மூக்கு நுனியில் மை ஒட்டியிருந்தது.

"பாத்தாலே வயித்தக் கலக்குதுக்கா," என்றாள் தொமோ. தொமோ இரண்டாம் ஆண்டையே இரண்டாவது முறையாகப் படிக்கிறவள்.

"உன்னை எவடி கேட்டா? டீச்சரம்மா, நீ சொல்லு."

டீச்சரம்மா என்றால் கயோ. கும்பலில் வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறவள் அவள் ஒருத்திதான். நன்றாகத் தைப்பாள் என்பதற்காக அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். முதலாம் ஆண்டுக்காரி மூன்றாம் ஆண்டு அக்காவைத் திருத்துவது கிடையாது. அக்கா மழை என்றால் இவள் குடையை விரிக்க வேண்டும். ஆனால் கயோவின் வாயைக் கட்டியது அது மட்டுமில்லை. ரிட்சுகோ வந்து பக்கத்தில் உட்காரும்வரை அந்தப் பள்ளியில் யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. மை ஒட்டிய அந்த மூக்கு சுருங்குவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"நல்லா இருக்குக்கா," என்றாள்.

பள்ளி விட்டதும் தையல் வகுப்பறையில் உட்கார்ந்து, ரிட்சுகோவின் வெள்ளை அங்கி முதுகில் அந்த எழுத்துகளைத் தங்க நூலால் தைத்தாள். கீழ், ஒன்று, இரண்டையும் முதலில் முடித்தாள். வானத்துக்குக் கால்கள் வைத்தாள், கோடுகள் வைத்தாள். தலையை மட்டும் விட்டுவைத்திருந்தாள். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத இடம். தைக்காமலே கொடுத்துவிட்டால்? ரிட்சுகோ கவனிப்பாள், ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். கடைசியில் தலையையும் தைத்தாள். மற்ற எல்லா இடத்தையும்விட அந்த இடத்தில்தான் தையல் அழகாக விழுந்தது.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வணிகப் பள்ளிக் கும்பலின் தலைவி மசுமி சண்டைக்கு நாள் குறித்தாள். இடம் ஆற்றுமணல். காற்று மீன் தொழிற்சாலை வாடையை அள்ளிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் கணுக்கால் மறைக்கும் பாவாடைகள், மர வாள்கள், முகமூடித் துணிகள். ரிட்சுகோ முன்னால் போய், எதிரிகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அங்கியைக் காற்றில் விரியவிட்டாள். இதை அவள் வீட்டுக் கண்ணாடி முன்னால் பழகியிருக்க வேண்டும்.

மசுமி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகமூடித் துணியை இறக்கினாள்.

"ஏய் ரிட்சுகோ, உனக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?"

"என்னது?"

"புருஷனுக்குக் கீழே முதல் ஆள்னு எழுதியிருக்கு. சரி, ரெண்டாவது ஆள் யாரு, மாமியாரா?"

அக்கரைக் கும்பல் மணலில் விழுந்து சிரித்தது. ரிட்சுகோ மர வாளைத் தூக்கினாள்.

"அது வானம்டி, படிக்காத கழுதை."

"நான் கழுதையா? என் முதுகிலயும் வானம்தான் இருக்கு. வச்சுப் பாப்போமா?"

மசுமியின் கருப்பு அங்கியில் வான அரசி என்று இருந்தது. இரண்டையும் கழற்றி மணலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். வாளைப் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றிக் குந்தினார்கள். ஒருத்தி விரலால் மணலில் எழுதிப் பார்த்தாள். இன்னொருத்தி அதை அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினாள். ஓர் எழுத்தை அதிக நேரம் உற்றுப் பார்த்தால் அது எழுத்தாகவே தெரியாமல் போய்விடும். மசுமிக்கே குழம்பிவிட்டது.

"இப்பப் பாத்தா ரெண்டுமே தப்பு மாதிரி இருக்கு," என்றாள் தொமோ.

"நீ பேசாம இரு. எங்க கயோ மொழிப்பாடத்துல முதல்," என்றாள் ரிட்சுகோ. "அவ சொல்லட்டும்."

"சொல்லட்டும். ஒத்துக்கிறேன்," என்றாள் மசுமி.

எல்லோரும் கயோவைப் பார்த்தார்கள். ரிட்சுகோ மட்டும் அங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து சிவந்திருந்தது. கயோ அதைப் பார்த்தாள்.

"அக்கா எழுதினதுதான் சரி," என்றாள். யாரும் காரணம் கேட்குமுன் அவளாகவே மேலும் சொன்னாள். "வானம் எல்லாத்துக்கும் மேல இல்லையா. அதான் தலை நீட்டணும்."

மசுமி எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். பிறகு ரிட்சுகோவுக்கு நேராக நின்று, இடுப்பு மடியக் குனிந்தாள்.

"படிப்புல நாங்க மோசம்னு எங்களுக்கே தெரியும். சரியா எழுதினவளைப் பாத்துச் சிரிச்சுட்டேன். மன்னிச்சிடு."

குனிந்தவளை அடிக்க முடியாது. சண்டை அதோடு முடிந்தது. ரிட்சுகோ கயோவின் தோளில் கை போட்டு இறைச்சிக் கடைக்கு இழுத்துப்போய், அங்கே சூடாகப் பொரித்து விற்கும் உருளைக்கிழங்கு வடை வாங்கிக் கொடுத்தாள். கயோ அதைத் தின்றாள். குனிந்து நின்ற அந்த முதுகுதான் கண்ணுக்குள் நின்றது. எழுத்தைச் சரியாகப் படித்தவள் அவள். அவளைத் தலைகுனிய வைத்தது கயோவின் ஒரு வாக்கியம்.

அதற்குப் பிறகு இரண்டு கும்பலும் சமாதானமாகிவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து நகரத்துக்குப் போய்வரலாம் என்று ரயில் நிலையத்தில் கூடினார்கள். நடைமேடையில் நல்ல கூட்டம்.

மசுமி கயோவைத் தேடிக்கொண்டு வந்தாள். "டீச்சரம்மா, இதப் பாரு," என்று முதுகைக் காட்டினாள்.

வான அரசிக்குத் தலை முளைத்திருந்தது. பழைய நூலின் நிறம் கிடைக்காமல், வெளிறிய மஞ்சளில், கோணலாக. இப்போது அது புருஷ அரசி.

"நானே தச்சேன். பிரிச்சுப் பிரிச்சுத் தச்சதுல துணி நைஞ்சு போச்சு. உன் கை மாதிரி வருமா?" அவள் விரல்களில் மருந்துப் பட்டி சுற்றியிருந்தது. "என்ன, சரியா இருக்கா?"

அவளுக்குப் பின்னால் கூடை வைத்திருந்த இரண்டு பெண்கள் ரிட்சுகோவின் முதுகைப் பார்த்தார்கள், மசுமியின் முதுகைப் பார்த்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். மசுமி அதைக் கவனித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பாத்தியா, எல்லாரும் நம்மளையே பாக்கிறாங்க."

கயோவுக்குக் காதெல்லாம் எரிந்தது.

"அது தப்பு," என்றாள்.

"தையலா?"

"எழுத்து. வானத்துக்குத் தலை கிடையாது. அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி."

மசுமி திரும்பி அவளைப் பார்த்தாள். "உனக்கும் குழம்பிடுச்சா அப்ப?"

ஆமாம் என்றால் போதும். குழப்பம் யாருக்கும் வருவதுதான். மசுமி சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அந்த வார்த்தை நாக்குவரை வந்தது.

"இல்ல. தெரிஞ்சேதான் சொன்னேன்."

ரிட்சுகோ பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "எப்பலேர்ந்து தெரியும்?"

"நீங்க எழுதினப்பவே."

"அப்ப தச்ச அத்தனை நாளும் அதைப் பாத்துப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"சிரிக்கலக்கா. பாவமா இருந்துச்சு."

சொல்லியிருக்கக் கூடாத சொல் அது. வெளியே வந்த பிறகுதான் கயோவுக்குத் தெரிந்தது.

"பாவமா," என்றாள் ரிட்சுகோ.

அவள் கை ஓங்கவில்லை. கெட்ட வார்த்தை சொல்லவில்லை. மெல்ல நகர்ந்து நடைமேடைச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டாள். மசுமியும் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பக்கத்தில் போய் அதே மாதிரி ஒட்டினாள். இரண்டு தலைவிகள் சுவரோடு பல்லி மாதிரி நிற்பதைப் பார்த்து, மற்றப் பெண்களும் எதற்கென்று தெரியாமலே வரிசையாக ஒட்டிக்கொண்டார்கள்.

"அக்கா, என் முதுகுல ஒண்ணும் எழுதலையே," என்றாள் தொமோ. "நான் நகரலாமா?"

கேட்டாளே தவிர அவளும் நகரவில்லை.

கயோவின் பையில் எப்போதும் சின்னக் கத்தரிக்கோல் இருக்கும். எடுத்தாள். "நான் பிரிச்சுடறேன்," என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மசுமி அங்கியைக் கழற்றி நீட்டினாள். "மெதுவாப் பிரி. ஏற்கெனவே நைஞ்ச துணி."

கயோ பெஞ்சில் உட்கார்ந்து மஞ்சள் நூலை ஒவ்வொரு தையலாக அறுத்து இழுத்தாள். மசுமியின் தையல் தடித்த தையல். ஒவ்வொரு இழைக்கும் இரண்டு முடிச்சு போட்டிருந்தாள், அவிழ்ந்துவிடக் கூடாதென்று. தலை போய், ஊசித் துளைகள் மட்டும் மிஞ்சின. அவற்றை நகத்தால் நீவி அங்கியைக் கொடுத்தாள். மசுமி வாங்கி மாட்டிக்கொண்டாள்.

கயோ ரிட்சுகோவிடம் போனாள். "அக்கா, உங்களோடதையும் குடுங்க."

"கை வைக்காத."

"ஒரு நிமிஷ வேலைக்கா."

"அதான் சொல்றேன். ஒரு நிமிஷ வேலை. அன்னைக்கே செஞ்சிருக்கலாம்."

ரயில் வந்து நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ரிட்சுகோ கடைசிவரை சுவரை விட்டு வரவில்லை. பிறகு நடைமேடையில் இருப்பவர்களுக்கு முதுகு தெரியாதபடி, பின்பக்கமாகவே அடி வைத்து ரயில் பெட்டியின் வாசலுக்குப் போனாள். படியைக் காலால் தடவிப் பார்த்து ஏறினாள். அப்படி ஏறுகிறவள் கயோவைப் பார்த்துக்கொண்டேதான் ஏற வேண்டியிருந்தது. மூக்கு கொஞ்சம் சுருங்கியிருந்தது. கயோ ஏறாமல் கத்தரிக்கோலைப் பிடித்தபடி நடைமேடையிலேயே நின்று, கதவு மூடும்வரை அந்த முகத்தைப் பார்த்தாள்.