ஏழு காது நுனிகள்

காது வெட்டிய பூனை ஒன்று சினையாக இருக்கிறது என்று மருத்துவர் தொலைபேசியில் சொன்னபோது, நான் நகர்மன்றச் சட்டப் பிரிவில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். எனக்குப் புரியவில்லை. பூட்டிய அறைக்குள் மழை பெய்கிறது என்று ஒருவர் நிதானமான குரலில் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் அதையேதான் சொன்னார்.

தெருப்பூனைச் சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் இருந்தது கூண்டு வண்டி. அது ஏற்றிக்கொண்டு போன பூனை எதுவும் திரும்பி வந்ததில்லை. புதுச் சட்டப்படி பூனையைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். செய்தாயிற்று என்பதற்கு அடையாளமாக இடது காதின் நுனியைக் கொஞ்சம் வெட்டுவார்கள். அந்தக் காதைப் பார்த்தால் வண்டி தொடக் கூடாது. ஆனால் மூன்றாவது மாதத்திலிருந்து, முழுக் காதோடு திரியும் பூனையை வண்டி எடுத்துக்கொள்ளலாம். மீன்சந்தைப் பகுதி நகர்மன்ற உறுப்பினரின் வாக்கு வேண்டும் என்பதற்காகச் சேர்த்த பிரிவு அது. சட்டத்தை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. காது அடையாளம் என் யோசனை. கழுத்துப்பட்டை கழன்று விழும், காது விழாது என்று கூட்டத்தில் சொல்லி எல்லோரையும் தலையாட்ட வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மறுஆய்வுக் கூட்டம். அதில் சட்டம் தோற்றால் கூண்டு வண்டி முன்போலவே ஊரெல்லாம் சுற்றும். இது திங்கட்கிழமை.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடினேன். பின்னறையில் ஏழு கூண்டுகள் இருந்தன. பழைய ஐஸ் தொழிற்சாலை வளாகத்தின் முறை அன்று காலைதான் வந்ததாம். போய்ப் பிடித்திருக்கிறார்கள். ஏழுக்கும் ஏற்கெனவே காது வெட்டப்பட்டிருக்கிறது. ஒன்றுக்குக்கூட வயிற்றில் தையல் தழும்பு இல்லை.

அந்த வளாகம் எங்கள் வீட்டின் பின்சுவரை ஒட்டியது. அந்த ஏழையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். தையல்காரியான என் சித்தி வைத்த பெயர்கள். பொத்தான், காஜா, லைனிங், ஒரு முன்னங்கால் பாதி மட்டும் வெள்ளையான அரைக்கை. சினையாக இருந்தது காஜா.

மருத்துவர் பொத்தானின் காதை இரண்டு விரலால் பிடித்து விளக்கின் கீழே காட்டினார்.

"நாங்க நேரா வெட்டுவோம். ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கும். இது எந்தக் கருவின்னே எனக்குத் தெரியல."

ஆறிப்போன ஓரம் குட்டிக் குட்டிப் பற்களாக இருந்தது. ஒரே அளவில், வரிசையாக, ரம்பம் போல. எனக்குத் தெரிந்தது. என் சட்டையின் பக்கவாட்டுத் தையலை உள்ளிருந்து திருப்பிப் பார்த்தேன். அதே பற்கள். என் உடைகள் ஒவ்வொன்றின் உள்ளோரத்திலும் இருபது வருடமாக இருக்கும் பற்கள். அவசரமாக ஒரு வேலை இருக்கிறது என்று ஏதோ உளறிவிட்டு வெளியே வந்தேன். எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போனேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

சித்தி தையல் எந்திரத்தில் இருந்தாள். அம்மா வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். நகர்மன்றத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு நான் 'சட்டம்'.

"என்ன சட்டம், இன்னிக்கு அரை நாள்லயே ஊரைத் திருத்திட்டீங்களா?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

நான் நேராகக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. வளாகத்தின் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். வரிசை வர இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்றார்களாம். வண்டி மூன்றாவது மாதம் முதல் தேதியே வந்துவிடும். அதனால் முந்தின வாரம், நான் அலுவலகத்தில் இருந்தபோது, ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்து வெட்டிவிட்டாள். முதல் தேதி வண்டிக்காரர் சுவர்மேல் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றையும் தொடாமல் போனாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. நானும் அந்த வாரம் பூனைகளைப் பார்த்தேன், ஜன்னலிலிருந்து. வரிசை சீக்கிரம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் பார்த்தேன்.

"அதுக்கு ஏன் ஜிக்ஜாக் கத்தரி சித்தி?"

"சாதாக் கத்தரில வெட்டினா ஓரம் பிரிஞ்சுகிட்டே போகும்டி. இதுன்னா பிரியாது." துணி பற்றி ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கத்தலையா?"

"கத்துச்சு. பிடிச்சு வெச்சதுக்குக் கத்துதுன்னு நெனச்சேன். வலிக்காதுன்னுதானே போட்டிருக்கு."

அளவுநாடா வைக்கும் இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். நகர்மன்றத் துண்டறிக்கை. நான் எழுதியது. மேலே அழகான பூனைப் படம். கீழே: 'காது நுனியை வெட்டுவதால் பூனைக்கு வலிக்காது.' முதல் படியில் அந்த வாக்கியம் 'மயக்க மருந்து கொடுத்து' என்று தொடங்கியது. படத்துக்கு இடம் போதவில்லை என்று அந்த மூன்று சொற்களை எடுத்தவள் நான்தான். எடுத்த அன்று, பக்கம் எவ்வளவு பார்வையாக வந்திருக்கிறது என்று சித்தியிடம்தான் காட்டினேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அது மயக்கம் கொடுத்துப் பண்றது சித்தி. சும்மா வெட்டினா வலிக்கும்."

அவள் கால் மிதியில் நின்றுவிட்டது. சக்கரம் மட்டும் தானாக இரண்டு சுற்று சுற்றி ஓய்ந்தது. சித்தி அழவில்லை. தன் உள்ளங்கைகளை, முதல்முறையாகப் பார்ப்பவள்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பொத்தான் ஓடவே இல்லையேடி," என்றாள். "வெட்டினப்புறமும் மடியிலயே உக்காந்திருந்துச்சு."

அன்று எந்திரத்தில் இருந்த ஜாக்கெட்டை அவள் தைத்து முடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் காஜாவின் புகைப்படம் எப்படியோ மீன்சந்தை உறுப்பினரின் கைக்குப் போய்விட்டது. கூட்டத்தில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். மருத்துவர் கருத்தடை செய்யாமலே காதை மட்டும் வெட்டிவிட்டுக் கணக்குக் காட்டுகிறார் என்றார். இப்படியே போனால் நாளைக்குப் பெருச்சாளியும் காதை வெட்டிக்கொண்டு வந்து பாதுகாப்புக் கேட்கும் என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள். மருத்துவர் எழுந்து நின்று ஏதோ சொன்னார், சிரிப்புச் சத்தத்தில் கேட்கவில்லை. குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த என் பேனா ஒரே இடத்தில் நின்று மையைக் கக்கிக்கொண்டிருந்தது. நான் வாய் திறந்தால் சித்தி. திறக்காவிட்டால் சட்டமும், மருத்துவரின் பெயரும், ஊரிலுள்ள எல்லாப் பூனைகளும்.

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சித்தி. வருவதாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணியில் சுற்றியிருந்த கத்தரியைப் பிரித்து, மேசையிலிருந்த நிகழ்ச்சி நிரலை எடுத்து, அதன் முனையை வெட்டி, புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டாக்டரம்மா மேல தப்பில்லீங்க. வெட்டினது நான். ஏழையும் மயக்கம் இல்லாம வெட்டினேன்."

மீன்சந்தை உறுப்பினர் காகிதத்தின் பல் ஓரத்தை ஒருமுறை தடவிவிட்டுக் கையை எடுத்தார். அந்தக் கை, அவர் அறியாமலே, அவருடைய இடது காதுக்குப் போனது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

அப்போதுதான் நான் எழுந்தேன். துண்டறிக்கையிலிருந்து மூன்று சொற்களை எடுத்தவள் நான் என்றும், வரிசையில் காத்திருப்பவர்களுக்குச் சட்டத்தில் ஓரிடம் வைக்க மறந்தவர்களில் நானும் ஒருத்தி என்றும் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது.

சட்டம் ஒரு வாக்கில் பிழைத்தது. பெயர் பதிந்து காத்திருக்கும் இடங்களை வண்டி தொடக் கூடாது என்று புதுப் பிரிவு சேர்த்தார்கள். பழைய பிரிவுகளும் அப்படியே இருந்தன. அவற்றில் ஒன்று, கருத்தடை செய்யாமல் காதை வெட்டுபவர் ஓராண்டுக்குப் பூனைகளுக்கு உணவு வைக்கக் கூடாது, அவற்றின் அருகே போகவும் கூடாது என்பது. அதை எழுதியவளும் நான்தான். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்து சித்தியிடம் கையெழுத்து வாங்க வேண்டியதும் என் வேலையாகவே அமைந்தது. அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

"எழுதினவ நீ. எல்லாத்தையும் எழுதியிருப்பே, நம்புறேன்," என்றாள். குத்தலாகச் சொன்னாளா, உண்மையாகவே நம்பினாளா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

காஜா குட்டி போடும்வரை மருத்துவமனையில் இருந்தாள். மற்ற ஆறும் கருத்தடை முடிந்து திரும்பி வந்தன. அடையாளம் நேராக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் மயக்கத்தில் இருந்தபோதே மருத்துவர் பற்களை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. ஊரிலேயே மிகச் சிறிய காதுகள் எங்கள் பூனைகளுக்குத்தான்.

இப்போது மாலை ஐந்து மணிக்கு வளாகத்தில் தட்டுகளை வைப்பது நான். எந்திரச் சத்தம் கேட்டால் பூனைகள் வீட்டுப் பக்கம் வந்துவிடும் என்று அந்த நேரத்தில் சித்தி தைப்பதில்லை. ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டுக்கொள்கிறாள்.

முதல் நாள் ஆறும் வந்தன. தட்டுகளைத் தாண்டிப் போய், சுவர்மேல் ஏறி, சாத்தியிருந்த அந்த ஜன்னலுக்கு நேரே வரிசையாக உட்கார்ந்தன. பொத்தான் முன்னால்.

"வந்துச்சுங்களா?" என்று உள்ளிருந்து சித்தியின் குரல் கேட்டது.

"வந்துச்சுங்க."

"ஜன்னல் பக்கம் வரப் பயப்படுதுங்களா?"

ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என அவள் ஆசைப்படுவதுபோலிருந்தது அந்தக் குரல். சட்டம் எழுதுகிறவள், ஒரு பொய்யைக்கூட எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது.

"இல்ல சித்தி. உங்க ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்குங்க."

உள்ளே குழாய் திறக்கும் ஓசை. தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.